பொனற்றுக்குள் ஒரு சின்னத் தாங்கி

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் கிறவல் ஒழுங்கை ஒன்றில், தகரம் வேய்ந்த ஒரு கராஜ். அங்கே இரண்டு வருடமாக ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் நிற்கிறது. நிற்கிறது என்று சொன்னால் என் நண்பருக்குக் கோபம் வரும், ஏனென்றால் அது அவருடைய வண்டி. அவர் கணக்கில் அது எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்தில் பிறேக், இன்னொரு மாதத்தில் தரைத்தகடு, பிள்ளைக்கு ரியூசன் காசு கட்டும் மாதத்தில் ஒன்றுமில்லை. ஆசையும் பெரிதல்ல. பாலைப்பழக் காலத்தில் முத்தையன்கட்டுப் பக்கம் காட்டுக்கரையில் வண்டியை விட்டு, பின் தட்டியை இறக்கி, அதிலே இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவேண்டும். ஒரு இரவு அங்கேயே படுக்கவேண்டும். அவ்வளவுதான்.

எஞ்சினைக் கழற்றப்போகிறார்கள் என்று அறிந்து ஒருநாள் நானும் போனேன். பொனற்றைத் தூக்கியதும் பின்சுவரில் ஏதோ ஒன்று தெரிந்தது. மா ரின் அளவில், தகரத்தை வெட்டி ஈயம் பற்றவைத்துச் செய்த ஒரு பெட்டி. அடியிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று கார்ப்பிறேற்றரை நோக்கி ஓடி, நடுவே ஒரு பித்தளைத் திருகியில் பெரிய குழாயோடு சேர்ந்தது. பெட்டிக்குமேல் நாலைந்து தரம் பெயின்ற் அடித்திருந்தார்கள்.

"கண்ணாடி கழுவுற தண்ணித் தாங்கியோ அண்ணை?" என்று நண்பர் கேட்டார்.

மெக்கானிக் அண்ணைக்கு அறுபது தாண்டியிருக்கும். கையிலிருந்த சாவியால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். "இதுதான் தம்பி பெற்றோல் தாங்கி."

"அப்ப பின்னால கிடக்கிறது?"

"அது மண்ணெண்ணெய்."

முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது பகிடியாகத் தெரியலாம். 1990 யூனில் போர் மறுபடி மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், மின்கலம், உரம், சீமெந்து என்று நீண்ட பட்டியல். 1995 கடைசியில் வலிகாமம் இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு பெருந்தொகையானோர் வன்னிக்குள் வந்தபிறகு அந்தத் தடையின் முழுப் பாரமும் இங்கே இறங்கியது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. வீட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து எரித்த விளக்குக்கும் அதுதான், தோட்டத்தில் இறைப்பு மெசினுக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிப்போகும் காருக்கும் அதுதான். பெற்றோல் கறுப்புச் சந்தையில் சின்னப் போத்தல் கணக்கில் விற்றது. மருந்து மாதிரித்தான் அதை வைத்திருந்தார்கள். சேலைன் குழாயாலும் ஊசியாலும் சொட்டுச் சொட்டாகக் கார்ப்பிறேற்றருக்குள் விட்டார்கள்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லுவார்கள். ஒன்று, "எங்கட ஆக்கள் என்ன கெட்டிக்காரர்" என்ற பெருமை. மற்றது, "அது எஞ்சினைக் கொல்லுற வேலை" என்ற பேச்சு. இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் பெற்றோல் எஞ்சின் ஒன்று மண்ணெண்ணெயில் எப்படித்தான் ஓடுகிறது என்று ஆரும் விளக்கிக் கேட்டதில்லை. நான் அண்ணையைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இரண்டு மூடிகளை எடுத்துவந்தார்.

ஒன்றில் பெற்றோல், மற்றதில் மண்ணெண்ணெய். "விரலைத் தோய்ச்சுப் பாரும்." பெற்றோல் பட்ட விரல் குளிர்ந்தது. ஊதாமலே, பத்து எண்ணுமுன் காய்ந்துபோயிற்று. மண்ணெண்ணெய் பட்ட விரல் குளிரவே இல்லை. அரை மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபோதும் அது வழுக்கியது. "அவ்வளவுதான் விசயம்" என்றார் அண்ணை. "மிச்சமெல்லாம் இந்த விரலைக் காயவைக்கிற வேலை."

எஞ்சினுக்குள் திரவம் எரிவதில்லை, ஆவிதான் எரிகிறது. பெற்றோல் என்பது நாலு முதல் பன்னிரண்டு வரை காபன் அணுக்கள் கோத்த மூலக்கூறுகளின் கலவை. அதில் இலேசானவை 30 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கும், பாரமானவை 200 பாகை வரை போகும். மண்ணெண்ணெயில் மூலக்கூறுகள் நீளம், பத்து முதல் பதினாறு காபன் வரை. அது கொதிக்கத் தொடங்குவதே 150 பாகைக்குக் கிட்ட. தீக்குச்சியைக் காட்டினால் மேலே நிற்கும் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை ஒன்று உண்டு. பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை அளவில், மண்ணெண்ணெய்க்குப் பூச்சியத்துக்கு மேலே 38 அல்லது அதற்கும் கூட. வன்னியின் சித்திரை வெயில்கூட அந்த 38ஐ எட்டுவது அருமை. அதனால்தான் விளக்குக்கு மண்ணெண்ணெய் பத்திரம், அதே காரணத்தால்தான் குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஈரமாகவே கிடக்கும். எத்தனை தரம் ஹாண்டிலைச் சுழற்றினாலும் பிடிக்காது.

ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். எண்ணெய்க் கைத்தொழில் தொடங்கிய 1860களில் உலகம் கேட்டது விளக்குக்கு மண்ணெண்ணெயைத்தான். அதை வடித்தெடுக்கும்போது முதலில் பறந்து வரும் இலேசான பகுதிக்கு, அதாவது பெற்றோலுக்கு, வாங்க ஆளில்லை. கறை நீக்கக் கொஞ்சம் போத்தலில் விற்றார்கள், மிச்சத்தை ஆற்றில் ஊற்றினார்கள். 1888 ஓகஸ்ற்றில் பெர்தா பென்ஸ் தன் கணவர் கார்ள் செய்த மூன்றுசில்லு வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபொர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரம், ஓடிப்போனார். வழியில் எரிபொருள் முடிந்ததும் வீஸ்லொக் ஊரின் மருந்துக்கடையில் கறைநீக்கும் திரவத்தைத்தான் வாங்கி ஊற்றினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். தேய்ந்த பிறேக்குக்கு ஒரு சப்பாத்துத் தைப்பவரிடம் தோல் அடிப்பித்தார். நூற்றெட்டு வருடம் கழித்து வன்னியில் பெற்றோல் மறுபடி மருந்துப் போத்தலுக்குள் போனது. அந்த அம்மா நேரே பரந்தனுக்கு வந்திருந்தால் ஒன்றுக்கும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

சரி, விரலைக் காயவைப்பது எப்படி? முதற்படி, சின்னத் தாங்கி. திருகியைப் பெற்றோல் பக்கம் திருப்பி எஞ்சினைப் பிடிக்கவைப்பது. சூடேறும் வரை ஓடவிட்டுத் திருகியை மாற்றுவது. இந்த யோசனையைக் கார்க்காரர் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெசின்கள் தடைக்கு வெகு முன்பே வடக்கில் தோட்டந்தோட்டமாக இருந்தன. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவது அவற்றின் பிறவிக்குணம். விடிய நாலரைக்குக் கயிற்றை இழுத்து அதைக் கிளப்பத் தெரிந்த ஒரு பொடியனுக்கு, காருக்குள்ளும் அதையே செய்யலாம் என்று தோன்றுவது பெரிய பாய்ச்சல் அல்ல. தோட்டத்து அறிவுதான் தெருவுக்கு வந்தது.

ஆனால் தெருவில் வந்தது பழைய கார்கள்தான் என்பதைக் கவனிக்கவேண்டும். ஒஸ்ரின் ஏ40, ஏ55, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட். புதிய யப்பான் கார் வைத்திருந்தவர் அதைக் கொட்டிலில் ஏற்றிவைத்துச் சாக்குப் போட்டு மூடினார். பக்கத்து வீட்டில் கோழி அடைந்து கிடந்த ஏ40 தெருவுக்கு இறங்கியது. பழசு பாரத்தைத் தாங்கும் என்று எல்லாரும் சொல்லுவார்கள். இரும்பின் தடிப்பை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதை அண்ணை கழற்றிவைத்த எஞ்சினிலேயே காட்டினார்.

மொறிஸ் மைனர் எஞ்சினில் காற்றும் எண்ணெயும் உள்ளே போகும் வழியும், புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. உள்வழிக் குழாய் புகைக்குழாயின் முதுகில் ஏறிக் குந்தியிருக்கிறது. நடுவில் இரண்டும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டப்பட்டிருக்கும். பல நூறு பாகையில் வரும் புகை, உள்ளே போகும் கலவையின் அடியைச் சுடுகிறது. இங்கிலாந்துக் குளிரில் பெற்றோலே சரியாக ஆவியாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பின்னாளில் வந்த எஞ்சின்களில் உள்வழி ஒரு பக்கம், வெளிவழி மறுபக்கம். குளிர்ந்த காற்றில் கூடுதல் ஒட்சிசன், அதனால் கூடுதல் வலு. அந்த முன்னேற்றம் மண்ணெண்ணெய்க்குக் கதவைச் சாத்திவிட்டது. குளிருக்குப் பயந்த ஒரு ஆங்கிலேய வரைஞர் திறந்துவைத்த கதவால்தான் வன்னியின் கார்கள் உள்ளே போயின. சிலர் அதோடு விடாமல், மண்ணெண்ணெய் வரும் செப்புக் குழாயையே புகைக்குழாயைச் சுற்றி இரண்டு வளையம் வளைத்துவிட்டார்கள். எங்கள் பிக்கப்பிலும் அந்த வளையத்தின் தடம் இருந்தது. பற்றி எரியும் பயம் இல்லையா என்றேன். "இருந்தது" என்றார் அண்ணை. வேறொன்றும் சொல்லவில்லை.

கார்ப்பிறேற்றரும் கைகொடுத்தது. மைனரில் இருப்பது எஸ்.யு. என்ற வகை. சப்பாத்து வியாபாரக் குடும்பத்து ஸ்கின்னர் சகோதரர்கள் செய்தது, அதன் முதல் வடிவத்தில் தோல் துருத்தியே இருந்ததாம். உள்ளே ஒரு ஊசி, அது இறங்கும் ஒரு துளை. அடியில் உள்ள அறுகோண நட்டைத் திருகினால் துளை மேலே கீழே போகும், எண்ணெய் கூடும் குறையும். ஆவியாகாத மண்ணெண்ணெய் எரிவதில் சேராது என்பதால், அந்த நட்டத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட விடவேண்டும். நட்டின் ஒரு முகம் என்றால் ஆறில் ஒரு சுற்று. "ரெண்டு முகம் கீழ" என்று அண்ணை சொன்னது இதைத்தான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவு, புகையின் நிறத்தைப் பார்த்து வந்த அளவு.

இனித்தான் கதையின் கடினமான பகுதி. எண்ணெய் ஆவியாகிவிட்டது, எஞ்சின் ஓடுகிறது. ஆளை ஏற்றிக்கொண்டு முறிகண்டி ஏற்றத்தில் மிதித்தால் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் கணகணவென்று ஒரு சத்தம்.

பிஸ்ரன் மேலே வரும்போது கலவையை அமுக்குகிறது. அமுக்கினால் சூடேறும், சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பிக்கப்பில் உள்ள 948 சீசி எஞ்சினுக்கு இரண்டு வகை அமுக்கம் இருந்தது: 8.3க்கு ஒன்று, தரம் குறைந்த பெற்றோல் கிடைக்கும் இடங்களுக்கு 7.2க்கு ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏழு மடங்கு அமுக்கும்போது உள்ளே கலவை 380 பாகை அளவுக்குப் போகும். இன்றைய எஞ்சின்களைப் போலப் பத்து மடங்கு அமுக்கினால் 460ஐத் தாண்டும். பிளக்கின் பொறி ஒரு மூலையில் தீயைத் தொடக்க, அந்தத் தீ மறுமூலைக்கு நடந்து போகவேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், பிஸ்ரன் ஒருமுறை இறங்க எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அதற்குள் தீ போய்ச் சேருமுன், சூட்டிலும் அமுக்கத்திலும் தவிக்கும் மிச்சக் கலவை தானாக வெடித்துவிட்டால், அதுதான் அந்தச் சுத்தியல் அடி. நீண்டு நேராகக் கிடக்கும் மூலக்கூறுகள் இலேசில் முறிந்து வெடிக்கும், கிளைவிட்டு உருண்டிருப்பவை பொறுத்துக்கொள்ளும். ஒக்டேன் எண் என்பது இந்தப் பொறுமைக்குப் போடும் புள்ளி. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பாடத்தில் மிகக் குறைந்த புள்ளி.

இந்தச் சத்தத்தை உலகம் ஆராயத் தொடங்கியதும் மண்ணெண்ணெயால்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேற்றன் நகரில் சார்ல்ஸ் கெற்றரிங் என்பவர், மின்சாரம் எட்டாத பண்ணைகளுக்கு வெளிச்சம் தரும் சிறு எஞ்சின்கள் செய்து விற்றார். அவை மண்ணெண்ணெயில் ஓடின, ஓடும்போது அடித்தன. 1916இல் இதைப் பார்க்கச் சொல்லித் தோமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியியலாளரிடம் கொடுத்தார். இருவருக்கும் ஒரு யோசனை. பனிக்குள்ளேயே பூக்கும் காட்டுச்செடி ஒன்றின் இலை சிவப்பு, அந்தச் சிவப்புத்தான் வெப்பத்தை உறிஞ்சிச் செடியைக் காக்கிறது போலும், மண்ணெண்ணெயையும் சிவப்பாக்கினால் முன்கூட்டியே ஆவியாகுமோ? கடையில் சிவப்புச் சாயம் இல்லை. ஆய்வுகூடத்தில் அயடீன் இருந்தது, அதைக் கலந்தார்கள். சத்தம் நின்றது! பிறகு உண்மையான சிவப்புச் சாயம் கிடைத்துப் போட்டுப்பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. சிவப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வேலை செய்தது அயடீனின் இரசாயனம். பிழையான யோசனையால் சரியான வாசலுக்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொரு மூலகமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போன மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் ஈயத்தில் போய் நின்றார். அதன்பின் ஏறக்குறைய நூறு வருடம் உலகத்துப் பெற்றோலில் ஈயம், குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம். கடைசியாக அல்ஜீரியா 2021இல்தான் அதை நிறுத்தியது.

வன்னியில் அயடீனும் இல்லை, ஈயமும் இல்லை. இருந்தது காது. டிஸ்ரிபியூட்டரின் கழுத்துக் கட்டைத் தளர்த்தி, எஞ்சின் ஓட ஓட அதைக் கையால் மயிரளவு திருப்பினால், பொறி விழும் நேரம் முன்பின்னாகும். அண்ணை எனக்கு அதைச் செய்து காட்டினார், வேறொரு வண்டியில், கண்ணை மூடிக்கொண்டு. வலது கை டிஸ்ரிபியூட்டரில், இடது கை மட்கார்ட்டில். அதிர்வை உள்ளங்கையால் கேட்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. பொறி பிந்தி விழுந்தால் பிஸ்ரன் இறங்கத் தொடங்கிவிடும், அமுக்கம் தளரும், மிச்சக் கலவைக்கு வெடிக்க மனம் வராது. அடிக்கும் சத்தம் அடங்கும், வலுவும் குறையும்.

இங்கேதான் எனக்கு உண்மையாகவே மயிர்க்கூச்செறிந்தது. பொறி பிந்தினால் தீ பிந்தி எரிகிறது. பிந்தி எரியும் தீ பிஸ்ரனைத் தள்ளுவதில் தன் சூட்டை முழுதாகச் செலவழிக்காமல் வெளியே ஓடுகிறது. அதனால் புகைக்குழாய் முன்னைவிடச் சுடுகிறது. புகைக்குழாயின் முதுகில்தானே உள்வழி குந்தியிருக்கிறது? அதுவும் சுடுகிறது, மண்ணெண்ணெய் இன்னும் நன்றாக ஆவியாகிறது. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து மற்ற நோய்க்கும் பத்தியமாகிவிட்டது. லீற்றருக்கு லீற்றர் பார்த்தால் மண்ணெண்ணெயில் பெற்றோலை விடச் சக்தி கூட, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தக் கூடுதலெல்லாம் சில்லுக்குப் போகாமல் எண்ணெயைக் காய்ச்சுவதிலேயே போயிற்று. அதனால்தான் அந்தக் கார்கள் இழுக்காமல், ஆனால் நிற்காமல், கண் எரியும் வெண்புகை விட்டுக்கொண்டு போயின.

புகையோடு கணக்கு முடியவில்லை. ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும், பெயாரிங்குகள் தேயும். ஒயில் அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். ஏறினால் சந்தோசப்படக்கூடாத ஒரே மட்டம் அதுதான். பிளக்கில் கரி பிடிக்கும், சாரதியின் சட்டைப்பையில் சீப்பும் பிளக் உரசும் கம்பித்தூரிகையும் ஒன்றாக இருக்கும். நிறுத்துமுன் ஒரு நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டால் கார்ப்பிறேற்றர் சுத்தமாகும், மறுநாள் இலேசில் பிடிக்கும். அந்த ஒரு நிமிடப் பெற்றோலுக்கு ஆர் காசு கொடுப்பது? சூடு ஆறுமுன் என்றால் மண்ணெண்ணெயிலேயே மறுபடி பிடிக்கும். ஆகவே கல்யாண வீட்டு வாசலில்கூட எஞ்சினை நிறுத்தாமல் நின்றார்கள்.

இதையெல்லாம் பிரித்தானியாவில் ஒரு கைத்தொழிலே அறிந்து செய்தது. 1946இலிருந்து கொவென்ற்றியில் செய்த சின்னச் சாம்பல்நிற பேர்குசன் உழவு இயந்திரங்களில், உழவுக்கென்று வரி குறைத்து விற்ற ஒருவகை மண்ணெண்ணெயில் ஓடும் மாதிரியும் இருந்தது. அதற்கும் இரண்டு தாங்கி, ஒரு திருகி. அமுக்கத்தை நன்றாக இறக்கியிருந்தார்கள், எண்ணெய்க்கும் ஒக்டேன் கூடும்படி சரக்குச் சேர்த்திருந்தார்கள். வரைபடம், ஆய்வுகூடம், எண்ணெய்க் கம்பனி எல்லாம் சேர்ந்து செய்த அதே காரியத்தைத்தான், கொட்டிலுக்குக் கீழே, குண்டுச் சத்தத்துக்கு நடுவே, பற்றவைத்த மா ரின்னால் இவர்கள் செய்தார்கள். இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இதே 1990களில், இதே தீவில், இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் வியாபாரி சார்ல்ஸ் வேர் என்பவர் தனபால சமரசேகர என்பவரோடு சேர்ந்து, மைனர் கார்களுக்கான உதிரிப்பாகங்களைக் கையால் செய்வித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார். தெற்கில் செய்த தகடு பாத் நகருக்குப் போயிற்று. வவுனியாவைத் தாண்டி வடக்கே வரவில்லை.

2002 ஏப்ரலில் வடக்குக்கு வரும் ஏ9 தெரு திறந்தது. பெற்றோல் பவுசர்கள் வந்தன. கார்களின் திருகிகள் ஒருநாள் பெற்றோல் பக்கம் திரும்பி, அப்படியே துருப்பிடித்து இறுகின. அந்த ஆண்டிலேதான் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் நின்றது. பழைய எஞ்சின்களில் அந்த ஈயம் வால்வுகளின் கீழே ஒரு மெத்தைபோலப் படிந்து, அடிவாங்கும் வார்ப்பிரும்பைக் காத்துக்கொண்டிருந்தது. கொழும்புக் கார்கள் 2002இல் எதிர்கொண்ட தேய்மானத்தை வன்னிக் கார்கள் பத்து வருடம் முந்தியே, ஈயமில்லாத மண்ணெண்ணெயில், அனுபவித்து முடித்திருந்தன. எங்கள் பிக்கப்பின் ஹெட்டைத் திறந்தபோது வால்வுகள் குந்தும் இடம் குழிந்து உள்ளே இறங்கியிருந்தது. வவுனியாவில் ஒரு லேத் கடையில் கொடுத்து, குழியைக் கடைந்து, கடினமான உருக்கு வளையம் இறுக்கிக்கொண்டு வந்தார்கள். நண்பரின் இரண்டு மாதச் சம்பளம் அதிலே போயிற்று.

திருத்துவது என்பது இந்த வண்டியில் பாதி நேரம் பழைய திருத்தத்தைக் கழற்றுவதுதான். கார்ப்பிறேற்றர் நட்டை இரண்டு முகம் மேலே. டிஸ்ரிபியூட்டரைப் பழைய குறிக்கு. செப்பு வளையத்தை எடுத்து நேர்க்குழாய். காட்டுப் பாதைக்கென்று அதற்குமேல் பெரிதாக ஒன்றும் கூட்டவில்லை. பின்னுக்கு இரண்டு இலை வில்லு, அடியில் ஒயில் சட்டியைக் காக்க ஒரு தகடு, கொஞ்சம் அகன்ற ரயர். நான்கு சில்லும் இழுக்கும் வண்டி அல்ல, மாரியில் கனகராயன்குளத்துக் களியில் இறக்கினால் உழவு மெசின் கொண்டுவந்துதான் எடுக்கவேண்டும். நண்பருக்கு அது தெரியும், இருந்தும் ஒரு நீளக் கயிறு வாங்கி வைத்திருக்கிறார்.

சின்னத் தாங்கியை மட்டும் என்ன செய்வது என்று கேட்டார். கழற்றினால் இடம் வரும், ஒரு விளக்குக்கு மின்கலம் வைக்கலாம். அண்ணை கொஞ்சம் யோசித்து, பற்றவைப்பின் ஓரத்தை விரலால் தடவிவிட்டு, "கிடக்கட்டும்" என்றார். அதைச் செய்தது அவரா என்று நாங்கள் கேட்கவில்லை.

முதல் ஓட்டம் முத்தையன்கட்டுக்கு அல்ல, அண்ணையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நல்ல தெருவில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. 2009இல் போர் முடிந்தபிறகு பல வருடம் அந்தத் தெருவோரம் எரிந்த வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. சைக்கிள், மோட்டார் சைக்கிள், பஸ், உழவு மெசின், எல்லாம் ஒரே நிறத்தில். உப்புக்காற்றில் துரு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, அங்கேதான் பார்த்தேன். இன்று அந்த இடங்களில் பற்றை. பிக்கப் மணிக்கு ஐம்பதில் போயிற்று. யாரும் பேசவில்லை.

முல்லைத்தீவுக் கரையில் தட்டியை இறக்கிவைத்துத் தேத்தண்ணி குடித்தோம். எதிரே பிளாஸ்ரிக் படகு ஒன்றைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பூட்டியிருந்த மெசினைப் பார்த்த நண்பர் எழும்பி ஓடினார். பெரிய தாங்கி ஒன்று, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, நடுவே ஒரு திருகி. கரையோரமெல்லாம் இன்றும் மண்ணெண்ணெய் மெசின்தான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும், ஆனாலும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மண்ணெண்ணெய் மலிவு என்பதால் வந்த பழக்கம் அது. 2022 ஓகஸ்ற்றில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியபோது முதலில் அடி வாங்கியதும் இந்தக் கரைதான்.

படகில் இருந்தவர் சின்னத் தாங்கியைத் திறந்து ஒரு சோடாப் போத்தலிலிருந்து கொஞ்சம் விட்டார், நாலு மூடி இருக்கும். கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுப்பில் மெசின் இருமிக்கொண்டு பிடித்தது. அவர் காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருகியைத் திருப்பினார். வெண்புகை எழும்பி எங்கள் பக்கம் வந்தது, கண் எரிந்தது.

சோடாப் போத்தலின் மூடியை அவர் இறுக்கினார். இறுக்கி முடித்துவிட்டு இன்னொரு தரமும் இறுக்கி, வெயில் படாத இடம் பார்த்து, படகின் அணியத்துக்குக் கீழே ஈரச் சாக்கால் சுற்றி வைத்தார்.